புரோட்டான் எங்கே நின்றது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் புரோட்டான் சிகிச்சை (அணுக்கருத் துகளான புரோட்டானை வேகமாகச் செலுத்திப் புற்றுக் கட்டியை அழிப்பது) பற்றி ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. அதையொட்டி வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: "ஒரு சிகிச்சைக்கு எதுக்கு இத்தனை ஸ்கேன்?" கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவ இயற்பியலாளர்களும் டெக்னீஷியன்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

லினாக் மெஷினில் வைக்கும் கரண்டும் புரோட்டானும் புற்றுநோய்க்குத்தானே? புரோட்டானுக்கு மட்டும் "எங்கே போய் நின்றது" என்று சோதனை எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

முதலில் அந்தச் சொல். நம் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்டு வைக்கிறது' என்கிறோம். உடம்பில் மின்சாரம் ஏதும் பாய்வதில்லை. ஆனாலும் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் 'கரண்டு வைக்கிற இடம் எது' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள், அதனால் சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

லினாக் என்பது வழக்கமான கதிர்வீச்சு மெஷின். அதில் வருவது எக்ஸ் கதிர். வழக்கமான 6 எம்வி ஆற்றல் கதிர் தோலுக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டரில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போய் உடம்பின் மறுபக்கம் வெளியேறிவிடும். வழியில் 5 மில்லிமீட்டர் சதை கூடினாலும் குறைந்தாலும் கட்டிக்குக் கிடைக்கும் அளவு ஏறத்தாழ 2 சதவீதம்தான் மாறும். பிழை பொறுக்கிற கதிர் அது.

புரோட்டான் அப்படி இல்லை. வேகமாகப் போகும்போது வழியில் கொஞ்சமாகத்தான் ஆற்றலை விடும். வேகம் குறையக் குறைய அதிகமாக விடும். கடைசிச் சில மில்லிமீட்டரில் மிச்சத்தை எல்லாம் கொட்டிவிட்டு நின்றுவிடும். அந்தக் கடைசி உச்சத்துக்கு பிராக் முனை என்று பெயர். அதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் ராபர்ட் வில்சன் எழுதினார். 1954இல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தார்கள். எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதை ஆற்றல் தீர்மானிக்கிறது. 70 எம்இவி (ஆற்றலை அளக்கும் அலகு) புரோட்டான் தண்ணீரில் சுமார் 4 சென்டிமீட்டர் போகும், 150 எம்இவி சுமார் 16, 230 எம்இவி சுமார் 33.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால்தான் வடம் பிடித்தவர் மூச்சு விடுவார். புரோட்டானுக்கும் ஒரு நிலை உண்டு, ஆனால் அது உடம்புக்குள் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றால் கட்டியின் பின் ஓரத்துக்குக் குறைவாக அல்ல, ஒன்றுமே கிடைக்காது. 5 மில்லிமீட்டர் தாண்டி நின்றால், பின்னால் இருக்கும் மூளைத் தண்டோ குடலோ முழு அளவை வாங்கிக்கொள்ளும். நிற்பதுதான் இதன் சிறப்பு, ஆபத்தும் அதுவேதான்.

எத்தனை கவனமாகக் கணக்கிட்டாலும் கொஞ்சம் நிச்சயமின்மை மிஞ்சும். பல இடங்களில் அதை 'ஆழத்தில் 3.5 சதவீதம், அதோடு 1 மில்லிமீட்டர்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 10 சென்டிமீட்டர் ஆழக் கட்டிக்கு அது 4.5 மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 8. அந்த அளவுக்குக் கட்டியைத் தாண்டியும் புரோட்டானை அனுப்பித்தான் ஆக வேண்டும். அதனால்தான், பக்கவாட்டில் துல்லியமாக இருக்கும் இந்தக் கதிரை, நுட்பமான ஓர் உறுப்புக்கு நேர் முன்னால் போய் நிற்கும்படி வைக்க அனுபவசாலிகள் தயங்குவார்கள். கோணத்தை மாற்றி, பக்கவாட்டு ஓரம் அந்த உறுப்பைத் தொட்டுச் செல்லும்படி வைப்பார்கள்.

ஸ்கேன்கள் செய்வது இரண்டு வேலை. சிகிச்சைக்கு முன், பாதையில் இருப்பதெல்லாம் பிளான் (எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆற்றலில் அனுப்புவது என்ற கணக்கு) போட்ட அன்று இருந்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. புரோட்டான் உண்மையில் எங்கே நின்றது என்று பார்ப்பது மற்றொன்று. நீங்கள் பார்க்கும் ஸ்கேன்களில் பெரும்பகுதி முதல் வகை.

அம்மாவுக்குத் திருநெல்வேலியில் மூன்று வாரம் முன்புதான் சிடி எடுத்தோம். புரோட்டான் வைக்கும் இடத்தில் அது உதவாது, புதிதாக எடுக்க வேண்டும் என்கிறார்கள். வீண் செலவு இல்லையா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

வீண் செலவு இல்லை. நோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் சிடி வெறும் படம். பிளான் போட எடுக்கும் பிளானிங் சிடி ஓர் அளவுகோல்.

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: காற்று மைனஸ் 1000, தண்ணீர் 0, எலும்பு பல நூறு முதல் ஆயிரத்துக்கு மேல். அந்த எண் எக்ஸ் கதிர் எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியதோ புரோட்டான் எவ்வளவு தடுக்கப்படும் என்பது. தண்ணீரை 1 என்று வைத்தால் கொழுப்பு சுமார் 0.95, தசை 1.04, கெட்டி எலும்பு 1.6க்கு மேல், நுரையீரல் 0.3 அளவில் இருக்கும். எக்ஸ் கதிர் எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குப் போக ஒரு மாற்றுக்கோடு வேண்டும். தெரிந்த பொருள்களால் ஆன குச்சிகளை ஓர் உடல் மாதிரியில் செருகி, அந்த மருத்துவமனையின் அந்த சிடி மெஷினில், குறிப்பிட்ட கேவி (எக்ஸ் கதிர்க் குழாயின் மின்னழுத்தம்) அளவில் ஸ்கேன் செய்துதான் அந்தக் கோட்டைப் போடுகிறார்கள். வேறு மெஷினில் எடுத்த படத்துக்கு அந்தக் கோடு பொருந்தாது. மேலே சொன்ன 3.5 சதவீதத்தில் பெரும்பங்கு இந்த மாற்றத்தில்தான் பிறக்கிறது. இரண்டு ஆற்றலில் எடுக்கும் டூயல் எனர்ஜி சிடி இருக்கும் இடங்களில் இதை ஏறத்தாழ 2 சதவீதத்துக்குக் குறைக்க முடிகிறது.

ஊரில் எடுத்த சிடியில் இன்னும் நாலு குறை இருக்கும். அந்த மேஜை குழிவானது, சிகிச்சை மேஜை தட்டையானது, எனவே முதுகும் வயிறும் வேறு வடிவத்தில் படிந்திருக்கும். துண்டுகள் 5 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும், பிளானுக்கு 1 முதல் 2.5 வேண்டும். படச் சட்டம் சிறியதாக இருந்தால் தோலின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும்; புரோட்டான் தோலிலிருந்துதான் தன் பயணத்தைத் தொடங்குகிறது, அங்கே ஒரு சென்டிமீட்டர் காணாமல் போனால் கணக்கே போச்சு. கடைசியாக, ரத்தக்குழாயில் ஏற்றிய மருந்து. அயோடின் உள்ள இடம் படத்தில் கெட்டியாகத் தெரியும். அதை நம்பிப் பிளான் போட்டால் தேவைக்கு மேல் ஆற்றல் வைத்துவிடுவார்கள். சிகிச்சை நாளில் அந்த மருந்து உடம்பில் இருக்காது, புரோட்டான் தாண்டிப் போய்விடும். அதனால் பிளானிங் சிடியை முதலில் மருந்து இல்லாமல் எடுப்பார்கள். கட்டியின் ஓரம் தெரிய வேண்டும் என்றால், அதே நிலையில் படுக்கவைத்து, மருந்து ஏற்றி இரண்டாவது முறை எடுப்பார்கள். ஒரே நாளில் இரண்டு சிடி என்று பயந்துவிடாதீர்கள்.

பழைய படங்களைத் தூக்கிப் போடவும் கூடாது. அறுவைக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ மிக முக்கியம். கட்டி முன்பு எங்கெல்லாம் ஒட்டியிருந்தது என்பதை அது ஒன்றுதான் சொல்லும். பெரிய பிளாஸ்டிக் உறையில் பிலிம் கொண்டுவருகிறார்கள், சிலர் பிலிமைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இரண்டாலும் பிளானுக்குப் பயனில்லை. ஸ்கேன் படங்களை முழு விவரத்தோடு கணினியில் திறக்கும் கோப்பு வகைக்கு டைகாம் என்று பெயர். ஸ்கேன் சென்டரில் 'டைகாம் வட்டு வேணும், மெல்லிய துண்டுகள் எல்லாம் அதில் இருக்கணும்' என்று கேட்டு வாங்குங்கள். ரயில் ஏறுவதற்கு முன் ஒரு கணினியில் போட்டுத் திறக்கிறதா என்றும் பாருங்கள். காலி வட்டோடு 600 கிலோமீட்டர் போய் இறங்கும் குடும்பங்கள் உண்டு.

அப்பாவின் தாடையில் பிளேட் வைத்திருக்கிறது. பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறது. புரோட்டான் வைக்க முடியுமா?
– வள்ளியூர் வாசகர்

முடியலாம். சிக்கல் உலோகம் இருப்பதைவிட அதைச் சுற்றியுள்ள படம் பொய் சொல்வதில்தான் இருக்கிறது. உலோகத்திலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் கீற்றுகள் ஓடும். கறுப்புக் கீற்று விழுந்த தசை காற்றுப் போலவும், வெள்ளைக் கீற்று விழுந்த தசை எலும்பு போலவும் எண் காட்டும். போதாததற்கு, வழக்கமான சிடி அளவுகோல் 3071 என்ற எண்ணோடு முடிந்துவிடுகிறது. டைட்டானியமும் ஸ்டீலும் இரண்டுமே அந்த உச்சியில் முட்டி நின்றால் படத்தை வைத்து வேறுபடுத்த முடியாது. ஆனால் புரோட்டானுக்கு டைட்டானியம் தண்ணீரைப் போல் சுமார் 3.2 மடங்கு, ஸ்டீல் ஐந்து மடங்குக்கும் மேல். 3 மில்லிமீட்டர் பிளேட் ஒன்றில் இரண்டையும் மாற்றிக் கணக்கிட்டால் 6, 7 மில்லிமீட்டர் தப்பு வந்துவிடும்.

ஆகவே அந்தப் பழைய அறுவையின் டிஸ்சார்ஜ் சீட்டையும், பிளேட்டோடு வந்த ஸ்டிக்கர் ஒட்டிய தாளையும் தேடி எடுங்கள். என்ன உலோகம் என்று தெரிந்தால் இயற்பியலாளர் அந்த இடத்தைக் கையால் வரைந்து சரியான எண்ணைப் போடுவார். கீற்று விழுந்த பகுதிக்கும் தசையின் எண்ணைப் போட்டு, முடிந்தவரை உலோகத்தின் ஊடாகப் போகாத கோணத்தைத் தேர்ந்தெடுப்பார். பல் வேலை எது இருந்தாலும் பிளானிங் சிடிக்கு முன் முடித்துவிடுங்கள். பல் பிடுங்கினால் புண் ஆற 10 முதல் 14 நாள் வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். நடுவில் ஒரு பல்லுக்குத் தொப்பி மாட்டினால்கூடச் சொல்ல வேண்டும். கழற்றி மாட்டும் பல்செட்டை சிடி அன்று எப்படி வைத்திருந்தாரோ அப்படியே கடைசி நாள் வரை.

மனைவிக்கு மூக்கின் பின்பக்கக் கட்டி. 33 நாளில் 14ஆம் நாள் நிறுத்தி, மறுபடி சிடி எடுத்து, புதுப் பிளான் போட்டார்கள். அப்படியானால் முதலில் போட்டது தப்பா?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

தப்பில்லை. உங்கள் மனைவியின் முகம் மாறியிருக்கிறது. தலை, கழுத்துச் சிகிச்சையில் இது மிகச் சாதாரணம்.

வாய் புண்ணாகிச் சாப்பாடு இறங்காது. எடை குறையும். கழுத்துக் கொழுப்பில் 5 மில்லிமீட்டர் கரைந்தால் புரோட்டான் ஏறத்தாழ அதே 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போய் நிற்கும். தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் தளர்ந்து, உள்ளே முகவாய் லேசாக அசையும். மூக்கைச் சுற்றிய சைனஸ் அறைகள் இன்னும் மோசம். சிடி எடுத்த அன்று ஓர் அறை சளியால் நிரம்பியிருந்து, பத்து நாளில் வடிந்துவிட்டால், ஒரு சென்டிமீட்டர் சளி இருந்த இடத்தில் வெறும் காற்று. காற்று புரோட்டானைத் தடுப்பதே இல்லை என்று சொல்லலாம். புரோட்டான் அந்த ஒரு சென்டிமீட்டரை அப்படியே பின்னால் கொண்டுபோய் மூளைத் தண்டின் பக்கம் செலவழிக்கும். நேர்மாறாக, அன்று காலியாக இருந்த அறை சளிபிடித்து நிரம்பினால் கட்டியின் பின்பகுதி பட்டினி. எலும்பு எல்லாம் நேராகவே இருக்கும், தினமும் எடுக்கும் எக்ஸ்ரே 'சரி' என்றே சொல்லும், உள்ளே கணக்கு மாறியிருக்கும். இதனால்தான் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மீள் சிடி எடுக்கிறார்கள்.

அந்தப் புதுப் படத்தின் மேல் பழைய பிளானை ஓட்டிப் பார்ப்பார்கள். கட்டிக்குப் போதுமான அளவு கிடைக்கிறதா, தண்டுவடமும் மூளைத் தண்டும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் அப்படியே தொடர்வார்கள். இல்லாவிட்டால் புதிதாக வரைந்து, கணக்கிட்டு, நோயாளி இல்லாமல் தண்ணீருக்கு நிகரான பொருளில் புரோட்டானைப் பாய்ச்சி அளந்து பார்த்த பிறகே தருவார்கள். நிறுத்திவைத்த நாள்கள் அதற்குத்தான் போகின்றன. நல்ல பிளான் என்பதே இந்த மாற்றங்களை ஓரளவு எதிர்பார்த்துப் போடப்பட்டதுதான்: படுக்கை ஆறு திசையிலும் 3 மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும், ஆழம் 3.5 சதவீதம் கூடினால் குறைந்தால் என்ன ஆகும் என்று பத்துப் பன்னிரண்டு சூழ்நிலைகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புதல் தருவார்கள். சளி வடிவது போன்ற பெரிய மாற்றம் அந்தக் கணக்கில் அடங்காது.

வீட்டில் செய்யக்கூடியது உண்டு. எடையை ஒரே தராசில் வாரம் இருமுறை பாருங்கள். 2 கிலோ குறைந்தாலே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். மாஸ்க்குக்குள் விரல் நுழைகிறது என்றால் அன்றே சொல்லுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கலாம் என்றால் மறுக்காதீர்கள். எடையும் பிளானும் ஒன்றாகக் காப்பாற்றப்படும். தலைமுடி பற்றி யாரும் கேட்பதில்லை, நாங்களாகவே சொல்கிறோம். பின்னந்தலை வழியாகப் புரோட்டான் போகும்போது ஒரு நாள் ஈரத்தலையோடு கொண்டை போட்டும் மறுநாள் விரித்துவிட்டும் வந்தால், அந்தக் கொண்டையின் தடிமன் பாதையில் சேர்ந்துவிடும், தலையும் சரியாகப் படியாது. சிடி அன்று எப்படி முடிந்திருந்தாரோ அப்படியே முடிந்து, உலர்த்தி வரச் சொல்லுங்கள். எண்ணெயையும் மல்லிகைப்பூவையும் சிகிச்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

செலவு மதிப்பீட்டைக் கையில் வாங்கும்போது மீள் சிடியும் மறுபிளானும் அதில் அடக்கமா, தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

தினமும் புரோட்டான் வைப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கிறார்களே, அதுவே கூடுதல் கதிர்வீச்சு இல்லையா?
– முக்கூடல் வாசகி

கூடுதல்தான், ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். சிகிச்சையில் ஒரு நாள் அளவு 2 கிரே (கதிர் அளவின் அலகு), அதாவது 2000 மில்லிகிரே. படுக்கையில் எடுக்கும் கோன்பீம் சிடிக்குச் சில மில்லிகிரே முதல் சில பத்து மில்லிகிரே வரை ஆகும், இரண்டு பக்க எக்ஸ்ரேக்கு அதைவிடக் குறைவு. அதை மிச்சம் பிடிக்கப்போய் 2000ஐத் தப்பான இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் அளவைக் குறைத்து, தேவையான பகுதியை மட்டும் எடுப்பார்கள். கோன்பீம் சிடி இடத்தைக் காட்டும், உள்ளே காற்றோ நீரோ மாறியிருப்பதையும் காட்டும். ஆனால் சிதறிய கதிரால் அதன் எண்கள் நம்பத்தக்கவை அல்ல. அதை வைத்து நேரடியாகப் புரோட்டான் ஆழத்தைக் கணக்கிடக் கூடாது. சந்தேகம் வந்தால் மீள் சிடிக்கு அனுப்புவது அதனால்தான்.

புராஸ்டேட்டுக்குச் சிகிச்சை. தினமும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் சிறுநீர்ப்பை பத்தவில்லை என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். இவ்வளவு கறார் தேவையா?
– திசையன்விளை வாசகர்

தேவைதான். இரண்டு இடுப்புப் பக்கமிருந்தும், தொடை எலும்புத் தலையின் ஊடாகப் புரோட்டான் போகிறது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் புராஸ்டேட் ஓரிடத்தில் நிற்கும், குடலும் மேலே தள்ளப்படும். மலக்குடலில் காற்றுக் குமிழி இருந்தால் புராஸ்டேட் முன்னால் நகரும், குமிழியின் ஊடாகப் போகும் புரோட்டான் தாண்டிப்போய் நிற்கும். கோன்பீம் படத்தில் கறுப்பு வட்டமாக அது தெரியும். தெரிந்தால் இறக்கிவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு வரச் சொல்வார்கள்.

பல இடங்களில் முறை இதுதான்: சிறுநீர் முழுக்கக் கழித்துவிட்டு 400 முதல் 500 மில்லி தண்ணீர், அப்புறம் 30 முதல் 45 நிமிடம் காத்திருப்பது. உங்கள் மருத்துவமனை சொன்ன எண்ணே உங்களுக்கு. சொம்புக் கணக்கு வேண்டாம், அளவு போட்ட பாட்டில் வையுங்கள். வெயில் காலத்தில் முந்தைய நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு அந்த நேரத்துக்கு மட்டும் குடித்தால் பை நிரம்பாது. உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். வறுத்த கடலை, மொச்சை, சோடா மூன்றையும் இரண்டு மாதம் தள்ளிவையுங்கள். கால் விரல்களின் திசைகூட மாறக் கூடாது: பாதம் சுழன்றால் தொடை எலும்பும் சுழலும், புரோட்டான் கடக்கும் எலும்பின் தடிமன் மாறும்.

நான் அபிஷேகப்பட்டியில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். புரோட்டான் உடம்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது, வெளியே எதுவும் வருவதில்லை. அப்புறம் எப்படிப் படம் எடுக்க முடியும்?

இந்த மடல்களில் எங்களுக்குப் பிடித்த கேள்வி இதுதான். புரோட்டான் வெளியே வராது, ஆனால் போகிற வழியில் செய்த காரியங்களின் தடயம் வெளியே வரும்.

முதல் தடயம் பாசிட்ரான், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகள். புரோட்டான் ஓர் ஆக்சிஜன்–16 அணுக்கருவில் மோதி ஒரு நியூட்ரானைப் பிய்த்துவிட்டால் அது ஆக்சிஜன்–15 ஆகும். கார்பன்–12 கார்பன்–11 ஆகும். கொஞ்சம் நைட்ரஜன்–13உம் பிறக்கும். இவை பாசிட்ரான் உமிழ்பவை. அந்தப் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, 511 கேஇவி (ஆயிரம் கேஇவி ஓர் எம்இவி) ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்களாக எதிரெதிர்த் திசையில் ஓடும். பெட் ஸ்கேனர் பிடிப்பது அதைத்தான். ஊசியே போடாமல் பெட் ஸ்கேன்.

இதில் மூன்று தொல்லை. முதலாவது, நேரம். ஆக்சிஜன்–15இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 2 நிமிடம், நைட்ரஜன்–13க்கு 10, கார்பன்–11க்கு 20. பெட் மெஷின் அடுத்த கட்டடத்தில் இருந்து, நோயாளியை அங்கே கொண்டுபோகக் கால் மணி நேரம் ஆனால் ஆக்சிஜன்–15இல் மிஞ்சுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. கார்பன்–11இல் 60 சதவீதம் இருக்கும். உடம்பிலோ ஆக்சிஜன்தான் அதிகம். அதனால் பெட்டைச் சிகிச்சை அறைக்குள்ளேயே வைப்பது அல்லது புரோட்டான் பாயும்போதே பிடிப்பது என்று போனார்கள். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் 1997 முதல், புரோட்டானுக்குப் பதில் கார்பன் அணுக்கருவைச் செலுத்தும் கார்பன் அயனிச் சிகிச்சையில் அப்படிப் பாயும்போதே பெட் எடுத்தார்கள்.

இரண்டாவது, ரத்தம் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். எலும்பிலும் கொழுப்பிலும் தடயம் நிற்கும், ரத்தம் நிறைய ஓடும் தசையில் சீக்கிரம் மங்கிவிடும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. ஆக்சிஜன்–15 உண்டாகக் குறைந்தது 16 அல்லது 17 எம்இவி வேண்டும், கார்பன்–11க்கு 20 எம்இவி அளவில். 20 எம்இவி புரோட்டானுக்கு இன்னும் சுமார் 4 மில்லிமீட்டர் தூரம் பாக்கி இருக்கிறது. அந்தக் கடைசித் தூரத்தில், அதாவது பிராக் முனை இருக்கும் இடத்திலேயே, தடயம் அநேகமாக உண்டாகாது. எனவே பெட் படம் முடியும் இடத்தைப் பார்த்து 'புரோட்டான் இங்கே நின்றது' என்று சொல்லக் கூடாது. திட்டப்படி எல்லாம் நடந்திருந்தால் பெட் படம் எப்படி இருந்திருக்கும் என்று மான்டி கார்லோ முறையில் (ஒவ்வொரு துகளின் பயணத்தையும் தற்செயல் எண்களைக் கொண்டு கணினியில் ஓட்டிப் பார்ப்பது) கணக்கிட்டு, எடுத்த படத்தை அதோடு ஒப்பிட வேண்டும். படத்தைச் சிகிச்சை அளவோடு நேரடியாக ஒப்பிடுவது, இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் செய்யும் முதல் பிழை.

இரண்டாவது தடயம் உடனடிக் காமா. மோதிய அணுக்கரு கிளர்ந்து, நானோ விநாடிகளுக்குள் 2 முதல் 10 எம்இவி வரையான காமாவை விடும். கார்பனிலிருந்து 4.44, ஆக்சிஜனிலிருந்து 6.13 எம்இவி கோடுகள் தெளிவாக வரும். கழுவப்படவும் நேரமில்லை, தேயவும் நேரமில்லை. அந்தக் கணத்திலேயே பார்க்கலாம். ஆனால் மருத்துவமனையில் இருக்கும் காமா கேமரா, ஸ்கேனுக்கு ஊசியில் போடும் டெக்னீசியத்தின் 140 கேஇவிக்குச் செய்தது. 6 எம்இவி அதன் ஈயத்தை லட்சியமே செய்யாது. அதனால் தடித்த டங்ஸ்டனில் கத்தி முனை போன்ற ஒரே ஒரு பிளவு வைத்து, ஊசித்துளைக் கேமரா தத்துவத்தில், ஆழத்தை மட்டும் ஒரு பரிமாணத்தில் பார்க்கும் கருவியைச் செய்தார்கள். 2015இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் அதை முதன்முதலாக ஒரு நோயாளியிடம் பயன்படுத்தினார்கள். நியூட்ரான் பின்னணி இரைச்சலும், புரோட்டான் கற்றை பாயும் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் காமா எண்ணிக்கை குறைவாக இருப்பதும் இன்னும் தீராத தலைவலி. பக்கத்துப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துச் சமாளிக்கிறார்கள்.

பெட்டும் உடனடிக் காமாவும் உலகில் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. நம் நாட்டில் சென்னை தரமணியில் 2019இல் புரோட்டான் மையம் வந்தது, நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் பிரிவு ஒன்றும் இருக்கிறது. எந்த மையமானாலும் அன்றாடப் பாதுகாப்பு மேலே சொன்ன பிளானிங் சிடி, தினசரிப் படம், மீள் சிடி ஆகியவற்றின் மேல்தான் நிற்கிறது. ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், கழுவப்படும் வேகத்தை ஒவ்வொரு திசுவுக்கும் மாதிரியாக்குவதை எடுங்கள். கணினி இருந்தால் போதும், துகளை வேகப்படுத்தும் முடுக்கி வேண்டாம்.

எங்க ஊரு கூடங்குளத்துக்குப் பக்கம், அணுன்னாலே பயம். மாமாவுக்குப் புரோட்டான் வைக்கணும்னு டாக்டர் சொல்லுதாவ. வச்ச பெறகு அவிய உடம்புல இருந்தே கதிர் வருமாமே? பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?
– ராதாபுரம் வாசகி

வரும் என்பது உண்மைதான்; முந்தைய பதிலில் சொன்ன அதே ஆக்சிஜன்–15உம் கார்பன்–11உம்தான். அளவு மிகக் குறைவு, ஆயுளும் நிமிடக் கணக்கு. இரண்டு மணி நேரத்தில் கார்பன்–11இல் 2 சதவீதம்கூட மிஞ்சாது. அவர் தங்கியிருக்கும் அறைக்கு வந்து சேரும்போது பேரனைத் தாராளமாக மடியில் வைக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். உலையில் பல்லாண்டு தங்கும் பொருள்களோடு இதைச் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் சாதாரண பெட் ஸ்கேனில் ஊசி போடுவார்கள். அதிலுள்ள புளோரின்–18இன் அரை ஆயுள் 110 நிமிடம். அந்த ஊசி போட்ட அன்று சில மணி நேரம் கைக்குழந்தையிடமும் கர்ப்பிணியிடமும் நெருங்க வேண்டாம் என்பார்கள். அந்த அறிவுரை ஊசிக்கு உரியது.

தங்கைக்குத் தலையும் முதுகுத்தண்டு முழுவதும் புரோட்டான் வைத்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே எடுத்த எம்ஆர்ஐயில் முதுகெலும்பின் நிறம் நேர்கோடு போட்டாற்போல் மாறியிருக்கிறது, 'கொழுப்பு மாற்றம்' என்று எழுதியிருக்கிறார்கள். பரவிவிட்டதா?
– சேரன்மகாதேவி வாசகர்

நீங்கள் விவரித்தபடி நேர்கோடாக இருந்தால், அது பெரும்பாலும் புரோட்டான் போட்ட கையெழுத்து. கதிர் பட்ட எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உண்டாக்கும் செல்கள் குறைந்து அங்கே கொழுப்பு நிரம்பும். டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். பெரியவர்களுக்கு முதுகிலிருந்து வரும் புரோட்டானை முதுகெலும்பின் உடற்பகுதிக்குள்ளேயே நிறுத்துவார்கள், அதனால் பின்பாதி வெளுத்தும் முன்பாதி பழையபடியும் இருக்கும். வளரும் குழந்தைகளுக்கு எலும்பு கோணலாக வளரக் கூடாது என்பதற்காக முழு எலும்பையும் சேர்த்துவிடுவது வழக்கம். அவர்களிடம் இந்தக் கோடு தெரியாது, எலும்பு முழுதும் வெளுக்கும். பரவிய நோய் பொதுவாக எல்லைக்கோடு பார்த்துப் பரவாது, டி1இல் கறுத்துத் தெரியும்.

ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கோட்டைப் பிளானோடு ஒப்பிட்டு, புரோட்டான் நினைத்த இடத்தில் நின்றதா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரே குறை, பெரும்பாலும் சிகிச்சை முடிந்த பிறகுதான் இது தெளிவாகத் தெரியும். அந்த நோயாளிக்குத் திருத்த வாய்ப்பில்லை, அடுத்தவருக்குத்தான் பாடம்.

முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் சிகிச்சை மருத்துவர்தான். நீங்கள் செய்ய வேண்டியது: சிகிச்சை தந்த இடத்தில் சுருக்க அறிக்கையையும், சிடியின் மேல் அளவுக்கோடுகள் வரைந்த பிளான் படத்தையும் டைகாம் வட்டில் கேட்டு வாங்குங்கள். அடுத்த எம்ஆர்ஐக்குப் போகும்போது 'புரோட்டான் வைத்தது, முடிந்த தேதி இது' என்று சீட்டில் எழுதச் சொல்லி, அந்த வட்டையும் ரேடியாலஜிஸ்ட் கையில் கொடுங்கள். சீட்டில் 'முதுகு வலி' என்று மட்டும் எழுதியிருந்தால், பார்ப்பவர் அந்தக் கோட்டுக்கு வேறு காரணம் தேடத்தான் செய்வார்.